ஒட்டுவதும் எடுப்பதும்

ஆத்தா,

பிரஸ்காரர் இன்று காலையும் போன் செய்தார். "சார், எல்லாம் கம்போஸ் பண்ணியாச்சு. அந்த ஒத்த வரிதான் பாக்கி. அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா மிஷின்ல ஏத்திருவேன்" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன். மண்டபம் பேசியாயிற்று. சமையல்காரர் வந்து அடுப்பு வைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா வைத்துக் கொடுக்க வேண்டிய புடவைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறாள். எல்லாம் ஒரு வரிக்காக நிற்கிறது. உன் கல்யாண அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே உன் சித்தப்பாவின் பெயர் வர வேண்டிய வரி. பெயரைப் போடுவதோடு நீ விடவும் இல்லை. நானே ஜெகதாப்பட்டினம் போய், அவன் வீட்டில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும் என்கிறாய். பங்காளியை அப்படித்தான் கூப்பிட வேண்டும், போனில் சொன்னால் வரமாட்டார்கள் என்று எனக்கே முறை சொல்லித் தருகிறாய். "நீங்க போகலைன்னா பத்திரிக்கையே வேணாம்ப்பா. நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு போட்டோ அனுப்புறோம்" என்று கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சொன்னாயே, அதை விளையாட்டு என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் சித்தப்பாவும் படிக்கட்டும். எழுத உட்கார்ந்ததிலிருந்து பலமுறை எழுந்துவிட்டேன். மோட்டார் போட்டேன், நிறுத்தினேன். வாசல்வரை போய்க் கீரனூர் பஸ் போவதைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "ஒண்ணு எழுதுங்க, இல்லைன்னா போயிட்டு வாங்க. ரெண்டுமில்லாம இப்படி நடந்துக்கிட்டே இருந்தா தரை தேஞ்சிரும்" என்கிறாள்.

நீ பள்ளியில் உயிரியலை விட்டுவிட்டு வணிகவியல் எடுத்தபோது நான் காரணம் கேட்டேன். "ஒங்க பாடத்துல எல்லாரும் கோவமாவே இருக்காங்கப்பா" என்றாய். பாடத்தில் யாரும் கோபமாக இல்லை, பாடம் சொன்னவன்தான் அப்படி இருந்தான் என்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பாடத்தில் ஒன்றை நான் இன்று உனக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு வேறு மொழி தெரியாது. ஆயுள் முழுக்க இந்த ஒன்றைத்தான் படித்தேன், இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், இதில்தான் தோற்றேன்.

நம் வீட்டு பீரோக் கண்ணாடி நினைவிருக்கிறதா? குளிக்கப் போகும்போது உன் அம்மா நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதில் ஒட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்து புதுப்பொட்டு வைத்துக்கொள்வாள். பழையது அங்கேயே இருக்கும். கண்ணாடி நிறையப் பொட்டாகி முகம் தெரியாமல் போனதும், நீ நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பிய்ப்பாய். செல்லுக்குள் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சின்னப் பொட்டை ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். பிய்த்தெடுக்கிற நொதிக்குப் பாஸ்படேஸ் என்று பெயர். பொட்டு ஒட்டியதும் புரதத்தின் குணம் மாறும். தூங்கியது விழிக்கும், விழித்திருந்தது தூங்கும். ஒரு செல் எப்போது இரண்டாக வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டு பேரின் கையில் இருக்கிறது. ஒட்டுவதற்குக் கைனேஸ் ஏடிபியைச் செலவழிக்க வேண்டும். ஏடிபிதான் செல்லின் எரிபொருள். எடுப்பதற்கு எரிபொருள் எதுவும் வேண்டாம். ஒரு பாஸ்பேட்டை எடுக்கப் பாஸ்படேஸுக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறு போதும். தேர்வில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் தண்ணீரை எழுத மறந்துவிடுவார்கள். நான் ஒரு மதிப்பெண்ணை வெட்டிவிடுவேன். கெஞ்சினாலும் போட்டதில்லை.

ஒட்டுவது என்றால் முடுக்குவது, எடுப்பது என்றால் நிறுத்துவது என்று எளிதாக நினைத்துவிடாதே. செல் பிரிவைத் தொடங்கி வைக்கிற தலைமைக் கைனேஸ் ஒன்று உண்டு. அதன் மேலேயே இன்னொரு கைனேஸ் ஒரு பொட்டை ஒட்டி அதை அடக்கி வைத்திருக்கும். ஒரு பாஸ்படேஸ் வந்து அந்தப் பொட்டை எடுத்தால்தான் தலைமைக்கே கை கால் அசையும். அதன் பிறகு அது கண்ணில் பட்ட புரதங்களிலெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே போகும். உட்கருவின் சுவர் கரையும். நூலாகக் கிடந்த குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கும். ஆனால் புத்தகங்களில் புகழ் முழுதும் கைனேஸுக்குத்தான். பாஸ்படேஸ் வீடு பெருக்குகிற ஆள் மாதிரி, எப்போதும் பின்னால் வந்து துடைத்துக்கொண்டிருக்கும், அதற்கென்று நேரமோ புத்தியோ கிடையாது என்றுதான் நான் ஆராய்ச்சிக்குப் போன காலத்தில் பெரியவர்கள் சொன்னார்கள். என் வழிகாட்டி ஒருமுறை எல்லார் முன்னாலும், "அழிரப்பர் மேல யாராவது ஆராய்ச்சி பண்ணுவானா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் என் கோபக் கணக்கில் இருக்கிறது. பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனவரும், என் பாடவேளையைப் பிடுங்கிய துறைத்தலைவரும், என் கட்டுரையைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் சில்லறைக் கணக்கு. முதல் ஆள் உன் சித்தப்பா.

பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் தவளை முட்டைகளோடு இருந்தேன். தவளை முட்டை முதிராத நிலையில் அப்படியே உறைந்து காத்திருக்கும். ஹார்மோன் வந்து தட்டினால்தான் அடுத்த கட்டத்துக்கு நகரும். நான் ஹார்மோன் கொடுக்காமல், பாஸ்படேஸை மட்டும் முடக்கும் ஒரு நஞ்சைச் செலுத்திப் பார்த்தேன். முட்டை நகர்ந்தது. அப்படியென்றால் அத்தனை நாளும் அதைப் பிடித்து நிறுத்தியதில் பாஸ்படேஸுக்குப் பங்கு இருந்திருக்கிறது. அது பின்னால் துடைத்துக்கொண்டு வருகிற ஆள் இல்லை. செல் அதற்கும் நேரம் பார்த்துப் பூட்டுப் போடுகிறது, நேரம் பார்த்துத் திறந்துவிடுகிறது என்று நான் நினைத்தேன். பூட்டுப் போடுவது யார் என்று தேடத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் தந்தி வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வா.

பஸ் மாறி மாறி ஊர் வந்து இறங்கினால், உன் தாத்தா கிணற்றடியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்னடா திடீர்னு? லீவா?" என்றார். வீட்டுக்குள் உன் சித்தப்பாவின் பெட்டி கட்டி முடிந்திருந்தது. அவனுக்குச் சிங்கப்பூருக்கு விசா வந்துவிட்டது. அப்பா அம்மாவையும் கடலைக் காட்டையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் அவன் அந்தத் தந்தியை அடித்திருக்கிறான். நான் கத்தி முடிப்பதற்குள் அவன் விமானம் ஏறிவிட்டான். நான் ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். அதற்குள் தாத்தா உண்மையாகவே கை கால் விழுந்து படுத்துவிட்டார். பெங்களூரில் என் மேசையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் முட்டைகளைக் கழிவுத்தொட்டியில் கொட்டிவிட்டதாகக் கூட இருந்தவன் எழுதினான். நான் இங்கேயே கல்லூரியில் பாடம் சொல்லப் போனேன். பல வருடங்கள் கழித்து வெளிநாட்டில் யார் யாரோ அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஒரு கைனேஸ். இப்போது பாடத்தில் இருக்கிறது. நான்தான் நடத்துகிறேன்.

மற்றதை நீ அறிவாய். அவன் திரும்பி வந்து ஜெகதாப்பட்டினத்தில் மீன்படகுகளுக்காக ஐஸ் பிளாண்ட் வைத்தான், வீடு கட்டினான். புதுமனைக்கு நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கையில், "எங்கண்ணன் சாதாரண ஆளு இல்லைங்க. பெங்களூருல தவளை முட்டைய அடைகாத்தவரு. ஒண்ணும் பொரிக்கலை" என்றான். சிரிக்காத ஆளே இல்லை. நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுல பச்சத் தண்ணி தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நீ அப்போது சின்னப்பிள்ளை, அவன் தோளில் உட்கார்ந்திருந்தாய். உன்னை இறக்கிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கிறதாம். போனில் சொன்னாய். "நீங்க கோவிச்சுக்கிட்டது ஒங்க சங்கதி. நான் யாருகூடயும் கோவிச்சுக்கலையே. என்னைய ஏம்ப்பா எறக்கினீங்க?" என்று கேட்டாய்.

மன்னித்துவிடுங்கள், வயதாகிறது, உடம்புக்கு நல்லது என்று சொல்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. அவர்களுக்கு நான் பாடத்திலிருந்தே பதில் சொல்வேன். பிரிவின் நடுவில் பாஸ்படேஸைப் பூட்டி வைப்பது காரணத்தோடுதான். ஒரு பக்கம் ஒட்ட ஒட்ட மறுபக்கம் எடுத்துக்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது. குரோமோசோம்கள் அத்தனையும் இருபக்கக் கயிற்றிலும் சரியாக மாட்டும்வரை செல் காத்திருக்கும். ஒன்றே ஒன்று மாட்டாமல் தொங்கினாலும் அதிலிருந்து நிறுத்து, நிறுத்து என்று சைகை போய்க்கொண்டிருக்கும். அதை எழுப்புவதும் கைனேஸ்தான். அவசரப்பட்டுப் பிரிந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். அப்படிப் பிறக்கும் செல்கள் உருப்படாது. ஆகவே காலத்துக்கு முன்னால் எடுப்பது பெருந்தன்மை இல்லை, கோளாறு. இதை நான் பலரிடம் சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். எழுதும்போதுதான் பாடத்தின் அடுத்த பக்கமும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பூட்டு திறக்காமலே கிடந்தால் செல் இரண்டாக முடியாது. பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாது. நடுவில் நின்றபடியே வெகுநேரம் கழித்து அங்கேயே செத்துப்போகும். இந்தப் பக்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிரஸ்காரர் மறுபடியும் போன் செய்கிறார். இதற்கு மேல் உட்கார முடியவில்லை.

போய்விட்டு வந்துவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன். புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி, மடியில் தாம்பாளப் பையை வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் இறங்கிவிடலாமா என்று இருந்தது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேவிட்டேன். கண்டக்டர், "புதுக்கோட்டையாங்க?" என்று கேட்டதும் என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். ஐஸ் பிளாண்ட் வாசலில் லாரி நின்றது. உள்ளே பாளம் பாளமாக ஐஸை அரைவையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உன் சித்தப்பா போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். போன படகு ஒன்று இன்னும் கரைக்கு வரவில்லை போல. "கோட்டைப்பட்டினத்துல கேட்டியா? அவய்ங்க படகு வந்துருச்சா? ஒண்ணாத்தானே போனாய்ங்க?" என்றவன் என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தான். தலை நரைத்துவிட்டது. எங்கள் அப்பா கிணற்றடியில் நின்ற மாதிரியே கைலியை மடித்துக் கட்டியிருந்தான்.

"வாங்கண்ணே. வழி தெரிஞ்சுச்சா?"

"பஸ்ஸுக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றேன்.

வீடு பிளாண்டுக்குப் பின்னால்தான். உன் சித்தி என்னைக் கண்டதும், "வாங்க மாமா, வாங்க" என்று உள்ளே ஓடி, வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். பாதிக் கூடத்தில் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். திரும்பிப் போகவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அவன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, "அவரு குடிக்க மாட்டாரு. அங்கிட்டுக் கொண்டுபோயி செடிக்கு ஊத்து" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து அவன் முன்னால் நீட்டினேன். உன் கல்யாணத்தைச் சொன்னேன். நாளைச் சொன்னேன். குடும்பத்தோடு வந்திருந்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்று முறைப்படி சொன்னேன். அவன் கையை நீட்டவில்லை.

"எப்படிண்ணே வாங்குறது? எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகாது, ஒங்க வெத்தல மட்டும் எனக்கு ஆகணுமா? நான் பங்காளியா, இல்ல பந்தல்காரனா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "ஒண்ணு கேக்குறேன்" என்றேன். "அந்தத் தந்தி பொய்தானே?"

"பொய்தான்."

"அத ஒருநாளாச்சும் ஒத்துக்கிட்டியாடா?"

"நீங்க ஒருநாளாச்சும் கேட்டீங்களா? கேட்டாத்தானே சொல்லுறதுக்கு? இப்பவும் சொல்லுறேன், பொய்தான். இன்னொரு தடவ அப்படி வந்தாலும் அதத்தான் செய்வேன். நீங்க பெங்களூருலேருந்து அமெரிக்கா போவீங்க, அங்கிட்டே இருந்துருவீங்க. நான் ரெண்டு கெழடையும் கடலக்காட்டையும் கட்டிக்கிட்டு அழுகணும். ஒங்களுக்குப் படிப்பு இருந்துச்சு. எனக்கு அந்த ஒத்த விசாதாண்ணே இருந்துச்சு."

நான் அத்தனை வருடம் காத்திருந்தது அவன் தலைகுனிந்து சொல்லும் ஒரு வார்த்தைக்காக. அவன் தலையும் குனியவில்லை, அந்த வார்த்தையையும் சொல்லவில்லை. தாம்பாளம் கையில் கனத்தது. எழுந்து வந்துவிட எல்லாக் காரணமும் இருந்தது, வரும் பஸ்ஸின் நேரம்கூட எனக்குத் தெரியும். நீ அவன் தோளில் உட்கார்ந்திருந்தது அந்தக் கூடத்தில்தான். அதே இடத்தில் உன் சித்தி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்க மாமா. எம்புட்டு நேரம் இதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது? கை மரத்துருச்சு" என்றாள்.

தாம்பாளத்தை மேசையில் வைத்தேன். "குடும்மா" என்றேன். ஐஸ் பிளாண்ட் வீட்டுத் தண்ணீர், பல்லில் பட்டதும் கூசியது. ஒரே மூச்சில் குடிக்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்திக் குடித்தேன். வகுப்பில் தண்ணீரை எழுத மறந்தவர்களின் விடைத்தாள்கள் எல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கறாராக வெட்டியிருக்கிறேன்!

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். வாங்கியதும் வாய் சும்மா இருக்குமா? "என்னைய எங்கிட்டு நிக்க வைப்பீங்க?" என்றான். "மண்டப வாசல்ல. வர்றவுகளுக்குப் பன்னீர் தெளிக்கிற எடத்துல" என்றேன். "அதுக்காச்சும் லாயக்குன்னு தோணுச்சே" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உன் சித்தி, "இன்னொரு டம்ளர் கொண்டாரவா மாமா?" என்றாள். இன்றைக்கு ஒன்று போதும் என்றேன்.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாஸ்படேஸ் யாரையும் மன்னிப்பதில்லை. ஒரு பிணைப்பை அறுக்கிறது, அவ்வளவுதான். எல்லாப் பொட்டையும் ஒரே நேரத்தில் எடுப்பதும் இல்லை. சில இடங்களில் சட்டென்று எடுக்கும், சில இடங்களில் மெதுவாகத்தான் எடுக்கும். அந்த வரிசையில் எடுத்தால்தான் சுவர் திரும்ப எழும்பும், செல் இரண்டாகும், இரண்டிலும் ஒரே சொத்து சமமாக இருக்கும். என்னிடம் மிச்சம் நிறைய இருக்கிறது. தவளை முட்டை என்று அவன் சொன்னது இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. உனக்கு நான் சொல்ல முடிந்த ஒரே புத்திமதியும் இதுதான். நீ போகிற வீட்டிலும் கோபம் வரும், வரட்டும். அதைக் கொஞ்ச நாள் பூட்டி வைக்கிற நியாயமும் உனக்கு இருக்கும். ஆனால் உன் கோபத்துக்காக யார் தோளிலிருந்தும் எந்தப் பிள்ளையையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே.

திரும்பி வரும் பஸ்ஸில் இருந்தே பிரஸ்காரருக்குப் போன் செய்தேன். சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உன் சித்தப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "பேரு போட்டுட்டேன் சார். இனிஷியல் என்ன?" என்றார் பிரஸ்காரர்.

"என்னோடதுதான்" என்றேன்.